பெட்டியில் பாதி, பிரான்சில் பாதி

கடலூர் சாலையில் அரியாங்குப்பம் கடைத்தெரு நெரிசலைத் தாண்டியதும் நோணாங்குப்பம் வந்துவிடுகிறது. பஸ்ஸைவிட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாம் பக்கம் நடக்கிறார்கள். மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, ஆறு கடலில் கலக்கும் இடத்து மணல்திட்டுக்குப் போய்வருவதுதான் அவர்களுக்கு நோணாங்குப்பம். நான் ஊருக்குள் போனேன். கையில் மடிக்கணினி, ஒரு நோட்டுப் புத்தகம். "சொல்தா வீடு எது?" என்று டீக்கடையில் கேட்டேன். வழி சொன்னவர் கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: "நேஷனாலிட்டி விஷயமா சார்?"

பிரெஞ்சுப் படையில் இருந்தவரைப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்பார்கள். சொல்தாவின் பழைய காகிதத்தைத் தேடி ஒருவன் வந்தால் ஒன்று பென்ஷனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரெஞ்சுக் குடியுரிமையாக இருக்க வேண்டும். அந்த மனிதர் எங்கே போனார், என்ன ஆனார் என்று தெரிந்துகொள்வதற்காகவும் ஒருவன் வரலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. நான் போனது அதற்காகத்தான்.

அழைத்தவர் அந்த வீட்டுப் பேரன். "என் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாராம் சார். மொத சண்டைக்குப் போனவரு திரும்பல. பிரான்சுல குண்டடிபட்டுச் செத்தாருன்னு சொல்லுவாங்க. அதுக்கு மேல யாருக்கும் தெரியாது." கொள்ளுத்தாத்தாவும் பின்னாளில் சொல்தாவாகச் சைகோன் போனவர், ஆனால் அவர் திரும்பி வந்து, நிலம் வாங்கி, பேரன் பேத்தி பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஆக, ஒரே வீட்டில் திரும்பாதவர் ஒருவர், திரும்பியவர் ஒருவர். ராணுவ ஆவணங்களில் இந்த இரண்டு பேரையும் தேடும் வழி வேறு வேறு. பெயரை அச்சில் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். பெயர், தேதி, படைப்பிரிவின் எண் எதுவும் இங்கே வராது.

சண்டைக்குப் போன கதை

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது பாண்டிச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. முதலில் விருப்பப்பட்டவர்கள் போனார்கள். 1915 இறுதியில் வந்த சட்டம் பிரெஞ்சிந்தியரையும் கட்டாய ராணுவச் சேவைக்குள் கொண்டுவந்தது. அதே காலத்தில், முள்ளோடை எல்லைக்கு அப்பாலிருந்த கடலூர்க்காரர் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து மெசபடோமியாவுக்கோ பிரான்சுக்கோ கப்பலேறினார். பேச்சு ஒன்று, கொடுக்கல் வாங்கல் ஒன்று. சீருடை மட்டும் இரண்டு. இன்றைக்கு அவர்களுடைய காகிதங்களும் இரண்டு தேசங்களின் காப்பகங்களில் பிரிந்து கிடக்கின்றன.

பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவுச் சின்னம் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. 1938 ஏப்ரல் 3-ஆம் தேதி கவர்னர் குரோசிக்கியா திறந்து வைத்தார். ஆண்டுதோறும் ஜூலை 14 அன்று விளக்கு அலங்காரமும் மலர்வளையமும் உண்டு. அங்கே நின்று செல்ஃபி எடுத்துக்கொள்பவர்களில், போனவர்களின் தனித்தனிக் காகிதங்களைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் குறைவு.

பெட்டி திறந்தது

ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. சைகோன் போய்வந்த சொல்தாவின் மருமகள் அவர். ட்ரங்குப் பெட்டியின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. திறப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து, "இதெல்லாம் எடுத்துக்கினு போயிட மாட்டியே தம்பி?" என்றார்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன் ஒரு ஆள் வந்து, பிரெஞ்சு நேஷனாலிட்டி வாங்கித் தருவதாகச் சொல்லி, கல்யாணப் பதிவுக் காகிதத்தையும் சீருடைப் படம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். ஆளும் வரவில்லை, காகிதமும் வரவில்லை. பதக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அது அப்பவே சேட்டு கடைக்குப் போயிடுச்சு" என்றார், வருத்தமே இல்லாமல்.

அந்துருண்டை வாசனையோடு ஜவுளிக்கடைப் பை ஒன்று வெளியே வந்தது. அதற்குள் சைகோன் போய்வந்தவரின் லிவ்ரே மிலித்தேர், அதாவது ராணுவச் சேவைப் புத்தகம். சட்டைப் பையில் அடங்குகிற அளவு, துணி ஒட்டிய அட்டை, மூலைகளைச் செல் அரித்திருக்கிறது. முதல் பக்கங்களிலேயே தேடுகிறவனுக்கு வேண்டியதெல்லாம் இருந்தது: குடும்பப் பெயர், முன்பெயர்கள், பிறந்த தேதி, பிறந்த இடம், தகப்பனார் பெயர், தாயார் பெயர். அப்புறம் ‘மத்ரிகுல்’ எண், அதாவது படைப் பதிவேட்டில் அவருக்குத் தரப்பட்ட எண். அடுத்து அங்க அடையாளம்: உயரம், தலைமயிர், கண், நெற்றி, மூக்கு, முக வடிவம். தாத்தாவின் மூக்கைப் பற்றி பிரெஞ்சு எழுத்தன் ஒருவன் எழுதி வைத்திருப்பதைப் பேரன் படித்துவிட்டுத் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் குடும்பப் பெயரை வீட்டில் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. ஆதாரில் இல்லை, ரேஷன் அட்டையில் இல்லை. எல்லோரும் முதலெழுத்தும் பெயருமாக மாறிவிட்டார்கள். பேரன் அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தார்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை, பிரெஞ்சிந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ள வழி செய்தது. அப்படித் துறந்தவர்களை ரெனோன்சான் என்பார்கள். துறந்தவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். பூட்ஸ் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வரக்கூடாது என்று 1873-இல் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரைக்கும் வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை இதில் முன்னின்றவர். அவர் எடுத்துக்கொண்ட பெயர் லாபோர்த். அவர் வழியில் பலர் பிரெஞ்சு ஒலியுள்ள பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். சிலர் தகப்பன் பெயரையே குடும்பப் பெயராக ஆக்கிக்கொண்டார்கள். ஊரில் ஒரு பெயர், ஏட்டில் ஒரு பெயர் என்று இரண்டு பேராக ஒரே மனிதர் வாழ்ந்தது இப்படித்தான்.

திரும்பாத அண்ணனைப் பற்றிப் பெட்டியில் ஒரு காகிதமும் இல்லை. ஆனால் ஆயாவின் வாயில் இரண்டு தகவல் இருந்தது. "என் மாமனாருக்கு ஏழு வயசு மூத்தவராம். அவரு பேரைத்தான் எங்க பெரியவனுக்கு வெச்சோம்." லிவ்ரேயில் தம்பி பிறந்த ஆண்டு இருக்கிறது. அதில் ஏழைக் கழித்தால் அண்ணன் பிறந்த ஆண்டு, ஒன்றிரண்டு முன்பின்னாக. குடும்பப் பெயரும் பெற்றோர் பெயரும் தம்பிக்கும் அண்ணனுக்கும் ஒன்றே. முன்பெயர் ஆயாவின் பெரியவனுடைய பெயர். கணினியைத் திறப்பதற்கு முன்பே தேடலில் பாதி முடிந்துவிட்டது.

பதின்மூன்று லட்சம் அட்டைகள்

திண்ணையில் உட்கார்ந்து, பேரனின் கைப்பேசியிலிருந்து இணையம் எடுத்தோம். முதலில் திறந்தது ‘மெமுவார் தேசோம்’. பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர்விட்டவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்களின் அட்டைகள், 13 லட்சத்துக்கும் மேல், 2003-இலிருந்து அதில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. கட்டணம் கிடையாது. அட்டையைப் படமாகவே பார்க்கலாம்.

‘மோர் பூர் லா பிரான்ஸ்’, பிரான்சுக்காக இறந்தவர், என்பது புகழ்ச்சி வார்த்தை இல்லை. 1915 ஜூலை 2-ஆம் தேதிச் சட்டம் உண்டாக்கிய தகுதி அது. 1914 ஆகஸ்ட் 2 முதல் 1919 அக்டோபர் 24 வரை போர்முனையில் இறந்தவர்கள், காயத்தால் இறந்தவர்கள், பணியில் வந்த நோயால் இறந்தவர்கள் இதற்குள் வருவார்கள். இந்தத் தகுதி மறுக்கப்பட்டவர்களின் அட்டைகளும் தனியாக வலையேற்றப்பட்டிருக்கின்றன. ஒன்றில் கிடைக்காவிட்டால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்.

வீட்டில் வழங்கும் பெயரைப் போட்டோம். ஒன்றும் வரவில்லை. பேரன் எதிர்பார்த்ததுதான். ஆங்கிலப் பழக்கத்தில் எழுதினால் இந்தத் தளத்தில் எந்தத் தமிழனும் அகப்பட மாட்டான். உகரத்துக்கு நாம் ஒரு ‘யு’ போடுவோம். பிரெஞ்சுக்காரன் ‘ஓ’வும் ‘யு’வும் சேர்த்துப் போடுவான். பெயரின் நடுவில் வரும் சாமிக்கு அவன் இரண்டு ‘எஸ்’ போடுவான், இல்லாவிட்டால் அவன் வாயில் அது ‘ஸாமி’ ஆகாமல் வேறாகிவிடும். ககரத்துக்குக் ‘கே’க்குப் பதில் ‘சி’. இதற்கு மேல், பெயரையும் தகப்பன் பெயரையும் எழுத்தன் இடம் மாற்றி எழுதியிருக்கலாம். குடும்பப் பெயர்க் கட்டத்தில் சொந்தப் பெயரும், முன்பெயர்க் கட்டத்தில் தகப்பன் பெயரும் உட்கார்ந்திருக்கும்.

லிவ்ரேயில் இருந்த எழுத்துக்களை அப்படியே பார்த்துத் தட்டினோம். இப்போது பட்டியல் வந்தது. ஒரே குடும்பப் பெயரில் பிரான்சிலேயே பிறந்தவர்கள் பலர். பிறந்த நாட்டை இந்தியா என்று குறுக்கியதும் மிஞ்சியவை இரண்டு அட்டைகள். இரண்டிலும் முன்பெயர் ஏறக்குறைய ஒன்று. "இவருதான் சார்" என்று பேரன் முதல் அட்டையைத் தொட்டார்.

அவசரப்படக் கூடாத இடம் இது. அந்த அட்டையில் தகப்பன் பெயர் இல்லை, தாயார் பெயர் இல்லை, மனைவி பெயர் இல்லை. பெயர், பதவி, படைப்பிரிவு, மத்ரிகுல் எண், வகுப்பு, ஆள்சேர்த்த இடம், இறந்த தேதி, இடம், இறப்பின் தன்மை, பிறந்த தேதி, பிறந்த இடம், இறப்பு எங்கே பதிவுக்கு மாற்றப்பட்டது என்ற குறிப்பு. அவ்வளவுதான். ‘வகுப்பு’ என்பது ஆளுக்கு இருபது வயது நிறைகிற ஆண்டு. 1895-இல் பிறந்தவர் 1915 வகுப்பு. ஒரே பெயரில் ஊருக்கு நாலு பேர் இருக்கிற நம்மிடத்தில், இந்த மனிதரா அந்த மனிதரா என்று தீர்மானிக்கப் பிறந்த தேதி ஒன்றைத்தான் நம்ப வேண்டும். அந்தத் தேதி வேண்டுமென்றால் பிறப்புப் பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

எத்தா சிவில் ஏடு

எத்தா சிவில் எனப்படும் பிரெஞ்சிந்தியாவின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் பிரதிகள் தென் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்தில், கடல்கடந்த நாடுகளுக்கான தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றின் படங்களை அந்தக் காப்பகம் தன் இணையதளத்தில் இலவசமாகத் தந்திருக்கிறது. பிரதேசத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, ஊரையும் ஆண்டையும் கொடுத்தால் ஏடு பக்கம் பக்கமாகப் புரள்கிறது.

ஊரைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். இன்றைக்கு நோணாங்குப்பம் அரியாங்குப்பம் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவைச் சேர்ந்தது. ஆனால் 1880-இல் கொம்யூன்களை முதலில் ஏற்படுத்தியபோது பாண்டிச்சேரிப் பகுதியில் இருந்தவை பாண்டிச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என்ற நாலே நாலு. அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, நெட்டப்பாக்கம், திருபுவனை நான்கும் 1907-இல்தான் பிரிந்தன. அதற்கு முன் பிறந்தவரை அரியாங்குப்பம் ஏட்டில் தேடினால் கிடைக்க மாட்டார். பழைய நாலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும்.

பார்த்தோம். ஆண்டு இறுதியில் பெயர்ப் பட்டியல் இருக்கிற ஏட்டில் வேலை சுருக்கமாக முடிந்தது. பட்டியல் இல்லாததைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. சாய்வான எழுத்து, வெளிறிய மை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆயாவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். திரையில் ஓடுகிற பிரெஞ்சு அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு பக்கத்தின் அடியில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், தமிழில். எழுத்துக்கூட்டி அவரே படித்தார். படித்துவிட்டு, "இது நம்ம கோடி வூட்டுக்காரரோட தாத்தா பேரு" என்றார்.

அந்தச் சாட்சிப் பெயர்தான் வழி காட்டியது. மேலே தகப்பன் பெயரும் தாயார் பெயரும் லிவ்ரேயில் இருந்தவையே. பிறந்த ஊர் நோணாங்குப்பம் என்று பிரெஞ்சு எழுத்தில் கோணலாக எழுதப்பட்டிருந்தது. தேதியைக் குறித்துக்கொண்டு பழைய தளத்துக்குத் திரும்பினோம். பேரன் தொட்ட முதல் அட்டை இல்லை, அது காரைக்கால்காரருடையது. இரண்டாவது அட்டையின் பிறந்த தேதி ஏட்டுத் தேதியோடு நாள் பிசகாமல் பொருந்தியது.

எல்லா வீட்டிலும் இப்படிப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. பிறப்பைப் பதியாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குப் பின்னாளில் சாட்சிகளை வைத்து நீதிமன்றம் ஆணை கொடுத்திருக்கும். அப்படிப்பட்டவர்களின் ராணுவக் காகிதத்தில் உத்தேசமாக இன்ன ஆண்டு என்று மட்டும் இருக்கும். அங்கே தேதியை விட்டுவிட்டுப் பெற்றோர் பெயரையும் ஊரையும் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

குண்டடி இல்லை, காய்ச்சல்

அட்டையைப் பெரிதாக்கினேன். காலனியக் காலாட்படைப் பிரிவு ஒன்று. பதவி, இரண்டாம் நிலைச் சிப்பாய். இறப்பின் தன்மை என்ற இடத்தில், பணியில் வந்த நோய். இறந்த இடம் போர்முனை இல்லை; போர்முனையிலிருந்து வெகுதூரத்தில், தெற்கே ஒரு ராணுவ மருத்துவமனை.

நூறு வருஷமாக இந்த வீட்டில் சொல்லிவந்த குண்டடிக் கதை அந்த ஒரு வரியில் முடிந்தது. பேரன் முகம் வாடியது. நான் சொன்னேன்: வெப்ப நாடுகளிலிருந்து போன வீரர்களைக் குளிர்காலத்தில் முன்னணியிலிருந்து எடுத்துத் தென் பிரான்சின் ஃப்ரெழூஸ் பக்கத்து முகாம்களில் வைப்பது வழக்கம். அப்படியும் நிமோனியாவும் காசமும் அவர்களைக் கொண்டுபோயின. குண்டடிபட்டவரையும் நோயில் போனவரையும் சட்டம் ஒரே தட்டில்தான் வைக்கிறது. அட்டையின் தலைப்பும் இருவருக்கும் ஒன்றே. ஆயாவுக்கு இந்த விளக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "காய்ச்சல்ல தான் செத்தாரா? யாராவது தண்ணி குடுத்திருப்பாங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எந்தக் காப்பகத்திலும் பதில் இல்லை.

ஆனால் அட்டை வேறு சில கதவுகளைத் திறக்கிறது. படைப்பிரிவின் பெயர் தெரிந்துவிட்டால் அதே தளத்தில் அந்தப் பிரிவின் நாட்குறிப்பைப் படிக்கலாம். அன்றன்று எங்கே முகாம், எந்தப் பதுங்குகுழி, எத்தனை பேர் காயம் என்று அதிகாரிகள் எழுதிவைத்த குறிப்புகள் அவை. சாதாரணச் சிப்பாயின் பெயர் அதில் அநேகமாக வராது; ஆனால் அவர் காலடி பட்ட ஊர்களின் பெயர்கள் வரும். போர்க் கல்லறைகளுக்கென்று அங்கேயே தனித் தேடல் இருக்கிறது. அட்டையின் கீழ்ப் பகுதியில் இறப்பு எந்த ஊர்ப் பதிவுக்கு அனுப்பப்பட்டது என்று இருக்கும். அது பாண்டிச்சேரி என்றால், இங்குள்ள இறப்பு ஏட்டிலும் அவர் பெயர் ஏறியிருக்க வேண்டும். தளத்தில் கணக்குத் தொடங்கினால் பிழையான பெயரைக் குறித்து நாமே குறிப்பு எழுதவும் வழி செய்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயர்களைத் தமிழர்கள்தான் சரிபார்க்க முடியும்.

திரும்பி வந்தவர்கள்

இறந்தவர் ஒரு பிற்பகலில் கிடைத்துவிட்டார். உயிரோடு திரும்பிய தம்பியைத் தேடுவதுதான் கடினம். இறந்தவர்களுக்குத்தான் இப்படி ஒரு முழுத் தொகுப்பு இருக்கிறது. திரும்பியவருக்கு இருப்பது படைப் பதிவேட்டுப் பக்கமும் ஆள்கோப்பும். பிரான்சில் இந்தப் பதிவேடுகளை மாவட்டவாரியாக வலையேற்றிவிட்டு, 2014-இல் ‘கிராண்ட் மெமோரியல்’ என்ற பொதுத் தேடலையும் தொடங்கினார்கள். அதில் கிடைக்காத காலனி ஆள் என்றால் எழுதிக் கேட்க வேண்டும். ராணுவத்தினரின் ஆள்கோப்புகள் பிரான்சின் போ நகரத்தில் தனிக் காப்பகத்தில் இருக்கின்றன. தனிமனிதரைப் பற்றிய கோப்பு பொதுவாக 50 ஆண்டுகள் கழித்துத் திறந்துவிடுகிறது. மருத்துவக் குறிப்பு இருந்தால் இறந்து 25 ஆண்டுகள், இறந்த தேதி தெரியாவிட்டால் பிறந்து 120 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். மத்ரிகுல் எண்ணும் பிறந்த தேதியும் எழுதி அனுப்பினால் அவர்களுக்குத் தேட எளிது. அந்த எண் பெட்டியில் இருந்த லிவ்ரேயில்தான் இருக்கிறது.

படைப் பதிவேட்டுப் பக்கத்தில் அடையாளத்துக்கு அடுத்துப் படிப்பறிவை ஓர் எண்ணால் குறித்திருப்பார்கள். சுழியம் என்றால் எழுதப் படிக்கத் தெரியாது, 2 என்றால் இரண்டும் தெரியும், 5 என்றால் பள்ளி இறுதித் தேர்வு முடித்தவர். இந்த ஒரு எண்ணிலிருந்து அன்றைய நோணாங்குப்பத்தில் யார் பள்ளிக்கூடம் போனார்கள் என்று ஊர் வரலாறே எழுதலாம். 1926-இல் பிரான்சு முன்னாள் போர்வீரர்களுக்கு அட்டை ஒன்றை ஏற்படுத்தியது. அது வீட்டில் இருந்தால் அதிலுள்ள எண்ணும் பயன்படும்.

தம்பியின் கதையில் இன்னொரு கிளை உண்டு. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. 1956 மே 28-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகத் தொடர்ந்தார்கள்; எழுதாதவர்கள் இந்தியர் ஆனார்கள். "எங்க மாமனாரு கையெழுத்துப் போடல. நெலத்த வுட்டுட்டு எங்க போறதுன்னுட்டாரு" என்றார் ஆயா. போட்ட வீடுகள் எவை, போடாத வீடுகள் எவை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆதங்கம் இருக்கிறவரை ராணுவக் காகிதத்தை யார் கேட்டாலும் டீக்கடைக்காரர் கேட்ட கேள்வி வரத்தான் செய்யும்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பேரனின் தாய்வழி உறவு கடலூர்ப் பக்கம். "அங்க ஒரு தாத்தா இங்கிலீஷ் பட்டாளத்துல இருந்தாராம். அவரையும் பாத்துடலாமா சார்?" என்றார். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தைத் திறந்தேன். இரண்டு உலகப் போர்களிலும் இறந்த 17 லட்சம் பேரின் பெயர்கள் அங்கே உண்டு. பிரான்சில் நெவ் ஷாப்பல் என்ற ஊரில் 1927-இல் திறந்த இந்திய நினைவிடத்தில் மட்டும் 4,700 பேருக்கு மேல். சில பதிவுகளில் தகப்பன் பெயரும், ஊரும், தென்னார்க்காடு என்று மாவட்டமும்கூட இருக்கும். ஆனால் இறந்தவர்கள் மட்டும்தான் அதில் இருப்பார்கள். கடலூர்த் தாத்தாவோ திரும்பி வந்தவர்.

பஞ்சாபிலிருந்து போன சுமார் 3,20,000 பேரின் கிராமவாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. 2021-இல் அவற்றை வலையேற்றத் தொடங்கினார்கள். சென்னை மாகாணத்துக்கு அதைப்போல ஒன்று வரவில்லை. லண்டனுக்குப் போன கோப்புகளில் வெள்ளைக்கார அதிகாரிகளைப் பற்றி எழுதியிருக்கும் அளவில் ஒரு பங்குகூடச் சாதாரணத் தமிழ்ச் சிப்பாயைப் பற்றி இருக்காது. அவர்களைப் பற்றிய குறிப்புகள் படைப்பிரிவுகளிடமே இருந்தன. பிரிவு கலைந்தபோது பலவும் சிதறின. மூக்கின் வடிவம் வரை எழுதி வைத்த பிரெஞ்சு எழுத்தனைக் காலனி ஆட்சிக்காரன் என்று திட்டலாம், தப்பில்லை. அவன் எழுதி வைத்ததால்தான் எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தாத்தா அகப்பட்டார், அந்தப் பக்கத்துத் தாத்தா அகப்படவில்லை.

தேடப் போகிறவர்களுக்கு

வெளிச்சம் மங்கியபோது அட்டையின் படத்தையும் பிறப்பேட்டுப் பக்கத்தையும் பேரனின் கைப்பேசியில் இறக்கிக் கொடுத்தேன். லிவ்ரேயின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்தோம். புத்தகம் பெட்டியைவிட்டு வெளியே போகவில்லை. பெட்டியைப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்ட பிறகு, ஆயா தனக்குத் தெரிந்த பெயர்களையெல்லாம் சொல்லச் சொல்ல, பேரன் என் நோட்டிலேயே எழுதினார்: யார் மகன் யார், எந்த வீட்டுக்கு எந்தப் பட்டப்பெயர், யார் கப்பலேறினார்கள், யார் சைகோனிலேயே தங்கிவிட்டார்கள் என்று.

உங்கள் வீட்டிலும் ஒரு சொல்தா இருந்தால், வரிசை இதுதான். முதலில் வீட்டுப் பெரியவரிடம் உட்காருங்கள்: பெயர், பட்டப்பெயர், பெற்றோர் பெயர், உடன்பிறந்தவர்களின் வயது வித்தியாசம். அடுத்து பெட்டி: லிவ்ரே, பென்ஷன் புத்தகம், பழைய பிறப்புச் சான்று, பிரெஞ்சு எழுத்துக்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பிறப்பு ஏடு. நான்காவதுதான் ராணுவத் தளம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் வேறு யாருடைய தாத்தாவையோ உங்கள் தாத்தா என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவீர்கள். இணையத்தில் இல்லாதது லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிப் பிரிவில் இருக்கலாம், அங்கேயும் கேளுங்கள்.

இந்தத் தளங்களைப் பார்ப்பதற்குப் பணம் வேண்டாம், தரகர் வேண்டாம். இவற்றில் கிடைப்பதை வைத்து யாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வந்துவிடாது. அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவனிடம் அசலைக் கொடுக்காதீர்கள். பிரான்சில் இருக்கிற ஏடு குளிரூட்டிய அறையில் இருக்கிறது, அதற்குப் படமும் இருக்கிறது. நம் வீட்டுப் பெட்டிகளுக்கு 2011-இல் தானே புயல் வந்தது, 2024-இல் ஃபெஞ்சல் வந்தது. அடுத்தது வருவதற்குள் படம் எடுத்து வையுங்கள். அதற்கும் முன்னால், பெரியவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அதற்கு எந்த ஊர்க் காப்பகத்திலும் பிரதி இல்லை.